டேப்பட் சத்தம் நின்றது, காலையில் வண்டி எழவில்லை

கேள்வி: அண்ணே, எனக்கு ஊர் ராமநாதபுரம் பக்கம். ஃபுஜைராவில் ஒரு கான்ட்ராக்டிங் கம்பெனியில் ஆறு வருடமாக டிரைவர். என் கையில் இருப்பது மிட்சுபிஷி எல்200 பிக்கப், 2.5 டீசல், டர்போ இல்லாத பழைய மாடல். மீட்டர் 3,40,000 கிலோமீட்டர் காட்டுகிறது. மூன்று மாதத்துக்கு முன்னால் டேப்பட் சத்தம் கூடிப்போய், கம்பெனி கராஜில் கவரைக் கழற்றி, எஞ்சினை ஓடவிட்டபடியே ஒவ்வொன்றாகச் சத்தம் நிற்கிற வரைக்கும் முறுக்கினார்கள். அன்றைக்குத் தையல் மிஷின் மாதிரி ஓடியது. இப்போது காலையில் மூன்று தடவை ஹீட்டர் (சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) போட்டால்தான் எடுக்கிறது. எடுத்ததும் வெள்ளைப் புகை, ஐந்து நிமிஷம் ஒரு சிலிண்டர் செத்த மாதிரி குலுக்கல். சூடானதும் சரியாகிவிடுகிறது. ஆனால் லோடு ஏற்றிக்கொண்டு தைத் (Dhaid) ஊரிலிருந்து மசாஃபி மலை ஏறும்போது முன்பு மாதிரி இழுவை இல்லை. ஃபோர்மேன் டீசல் பம்ப்பை இறக்கணும் என்கிறார். இன்னொருத்தர் டீசலைத் தெளிக்கிற நாசில் என்கிறார். டேப்பட்டை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்கணும்? கேப் 0.25 மி.மீ. என்று ஒருத்தர், 0.15 என்று ஒருத்தர் சொல்கிறார், எது சரி? டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லை. அதையும் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, பாதி பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். "எஞ்சினை ஓடவிட்டபடியே, சத்தம் நிற்கிற வரைக்கும் முறுக்கினார்கள்." அந்த வரியைப் படித்ததும் மற்றதெல்லாம் எனக்குக் கண்முன் வந்துவிட்டது. பம்ப்பில் குறையே இல்லை என்று கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பம்ப்பை இறக்குவது இரண்டு நாள் வேலை, பெரிய செலவு. டேப்பட் பார்ப்பது, அதாவது வால்வுக்கும் அதை அமுக்கித் திறக்கிற ராக்கர் என்ற நெம்புகோலுக்கும் நடுவிலுள்ள கேப்பை அளப்பது, ஒரு மணி நேரம். அதுவும், வண்டி கெட்டதே டேப்பட்டில் கை வைத்த பிறகு என்னும்போது முதலில் திறக்க வேண்டியது எது?

இன்னொரு துப்பும் கொடுத்திருக்கிறீர்கள். ஊட்டியில் மார்கழி மாதம் டீசல் வண்டி முரண்டு பிடித்தால் நானும் முதலில் ஹீட்டர் பிளக்கைத்தான் பார்ப்பேன். நீங்கள் இருப்பது ஃபுஜைரா. இந்த வெயில் காலத்தில் விடியற்காலையிலேயே உடம்பு நசநசக்கிற ஊர். உங்கள் 4டி56 எஞ்சின் டீசலை நேராக பிஸ்டன் மேல் அடிக்காமல், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்குள் இருக்கும் சின்ன அறையில் அடிக்கிற வகை என்பதால் கொஞ்சம் ஹீட்டர் கேட்கும், அது இயல்பு. அந்தச் சூட்டில் ஒரு தடவை கேட்கலாம். மூன்று தடவை கேட்டால், உள்ளே அழுத்தம் கட்டவில்லை என்று அர்த்தம். டீசலுக்குப் பெட்ரோல் மாதிரி பொறி கிடையாது. 21 பங்கு காற்றை ஒரு பங்காக அமுக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைக்கிறது. அமுக்கும்போது ஒரு வால்வு மயிரிழை திறந்திருந்தாலும் சூடு கட்டாது. எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியே போகும். நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

அப்படியானால் சூடானதும் எப்படிச் சரியாகிறது என்று கேட்பீர்கள். இந்த விஷயம் புரிந்துவிட்டால் 0.25-ஆ 0.15-ஆ என்கிற சண்டையும் தீர்ந்துவிடும்.

உங்கள் எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ராக்கரைத் தள்ளிவிடுகிற கேம் ஷாஃப்ட், ராக்கர், வால்வு எல்லாம் அந்த அலுமினிய ஹெட்டிலேயே உட்கார்ந்திருக்கின்றன. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். எஞ்சின் சூடாகச் சூடாக ஹெட் உயர்ந்து, ராக்கரைத் தன்னோடு மேலே தூக்கிக்கொண்டு போகும். இரும்பு வால்வு அந்த அளவுக்கு நீளாது. ஆகவே இந்த எஞ்சினில் சூட்டில் கேப் கூடும், குளிரில் குறையும். கம்பெனி கொடுத்திருக்கும் அளவு சூட்டில் 0.25 மி.மீ. அதையே எஞ்சின் ஆறின பிறகு அளந்தால் சுமார் 0.15 வரும். உங்களிடம் சொன்ன இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். சூடா குளிரா என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லவில்லை. இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் ஒரே அளவு.

இப்போது கராஜில் நடந்ததைப் பாருங்கள். எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தம் நிற்கிற வரை திருகை முறுக்குகிறார்கள். சூட்டிலேயே கேப் 0.10-க்கும் கீழே போயிருக்கும். ராத்திரி வண்டி ஆறுகிறது, ஹெட் சுருங்குகிறது, இருந்த கொஞ்சநஞ்ச இடைவெளியும் போய் ராக்கர் வால்வை அமுக்கிக்கொண்டு நிற்கிறது. சீட்டில், அதாவது ஹெட்டில் வால்வு வந்து அடைக்கிற வளையத்தில், வால்வு முழுசாக உட்காரவில்லை. காலையில் நீங்கள் சாவியைத் திருப்பும்போது அமுக்கின காற்றெல்லாம் அந்தச் சந்து வழியாக நழுவுகிறது. எப்படியோ எடுத்து ஐந்து நிமிஷம் ஓடினால் ஹெட் சூடாகி உயர்கிறது, வால்வு உட்கார்கிறது, குலுக்கல் நிற்கிறது. டிரைவருக்கு "சரியாகிவிட்டது" என்று தோன்றும். ஆனால் ஏற்றத்தில் இழுவை இல்லை என்கிறீர்களே, என் கவலை அங்கேதான்.

எக்ஸாஸ்ட் வால்வின் தலை லோடில் 600, 700 டிகிரி சூட்டில் வேலை செய்கிறது. அந்தச் சூட்டில் நான்கில் மூன்று பங்கு, வால்வு மூடியிருக்கும் நேரத்தில் சீட்டின் வழியாகத்தான் ஹெட்டுக்குப் போய், அங்கிருந்து தண்ணீருக்குப் போகிறது. அடுப்பிலிருந்து இறக்கின தோசைக்கல்லை ஈரத் துணியில் வைப்பது மாதிரி, வால்வு ஒவ்வொரு தடவையும் சீட்டில் உட்கார்ந்து தன்னை ஆற்றிக்கொள்கிறது. லோடோடு ஏறும்போது அந்த வால்வு மட்டும் தனியாகச் சூடேறி நீளும். அந்த நீட்டத்துக்கு இடம் கொடுக்கத்தான் கேப். இடமில்லையென்றால் வால்வு உட்காராது, ஆறாது. மூடாத சந்து வழியாக நெருப்புக் காற்று பீறிட்டு, விளிம்பில் ஓர் இடத்தை அரித்துக் கால்வாய் மாதிரி வெட்டிவிடும். வால்வு எரிந்துவிட்டது என்று நாங்கள் சொல்வது இதுதான். எரிந்த பிறகு கேப்பை எவ்வளவு அழகாக வைத்தாலும் அழுத்தம் திரும்பி வராது. ஹெட்டை இறக்கத்தான் வேண்டும்.

அதனால்தான், டிக் டிக் என்று தட்டிக்கொண்டு வருகிற வண்டியைப் பார்த்து நான் பதறுவதில்லை. கேப் கூடினால் சத்தம் வரும், ராக்கரும் கேமும் கொஞ்சம் தேயும், வால்வு சற்றுக் குறைவாகத் திறப்பதால் இழுவை லேசாகக் குறையும். அவ்வளவுதான், உடனே சாவு இல்லை. கேப் குறைந்தாலோ ஒரு சத்தமும் வராது. வண்டி பட்டுப்போல ஓடிக்கொண்டே உள்ளே எரியும்.

இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் நான் ஸ்பேனர் பிடித்த பதினேழு வருடத்தில், முதல் வருடமே செய்த பாவம் இது. தண்ணீர் கேன் போடுகிற ஒரு வண்டிக்காரர், சத்தம் தாங்க முடியவில்லை, முறுக்கிக் கொடு என்றார். நானும் சின்னப் பையன், பாராட்டு வாங்குகிற ஆசை. எட்டு வால்வையும் இறுக்கிச் சத்தமில்லாமல் அனுப்பினேன். டீக்கு ஐந்து திர்ஹம் கையில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்து அதே வண்டி இன்னொரு வண்டியின் கயிற்றில் வந்தது. ஹெட்டைத் திறந்தால் இரண்டாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வில், எலி கடித்த அப்பளம் மாதிரி ஓர் ஓரம் காணவில்லை. எங்கள் பெரிய மெக்கானிக், பழைய பாலக்காட்டுக்காரர், திட்டக்கூட இல்லை. அந்த வால்வை என் டூல் பெட்டியில் போட்டு, "இது இங்கேயே கிடக்கட்டும்" என்றார். ஊருக்குத் திரும்பி வரும்வரை அது அங்கேதான் கிடந்தது.

சரி, இனி செய்ய வேண்டியது.

முதல் வேலை, ஒரு லீவு நாள் காலை, வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலேயே கவரைக் கழற்றுங்கள். முந்தின நாள் மாலையிலிருந்து நின்ற வண்டியாக இருக்க வேண்டும். திருத்துவதற்காக இல்லை, நான் சொன்னது உண்மையா என்று பார்ப்பதற்காக. ஆறின எஞ்சினில் 0.15 ஃபீலர் கேஜ் (கேப் அளக்கிற மெல்லிய தகடு) போக வேண்டிய இடத்தில் 0.05 தகடுகூட நுழையவில்லை என்றால், உங்கள் வியாதி என்னவென்று தெரிந்துவிட்டது. எட்டு வால்வின் அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். திருத்துவதற்கு முன்னால் இருந்த அளவு எது என்று எழுதி வைக்காத மெக்கானிக், தராசில்லாமல் தங்கம் வாங்குகிறவன்.

எஞ்சினைச் சுற்றுவது கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, முன்னால் நின்று பார்த்தால் கடிகார முள் சுற்றும் பக்கமாக மட்டும். தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பாதீர்கள். பெல்ட் தளர்ந்து ஒரு பல் தாவினால் அது வேறு கதை. தாண்டினால் இன்னும் இரண்டு சுற்று முன்னாலேயே சுற்றி வாருங்கள். சுற்றுவதற்குச் சுலபமாக ஹீட்டர் பிளக்கைக் கழற்றச் சிலர் சொல்வார்கள். 3,40,000 ஓடின வண்டியில் கரி பிடித்த பிளக் கழுத்தில் முறிந்து உள்ளே நின்றுகொள்ளும் ஆபத்து உண்டு. நீளமான கைப்பிடி போட்டு மெதுவாகச் சுற்றினால் போதும்.

எந்த நிலையில் எந்த வால்வைப் பார்ப்பது என்பதில்தான் புதிய பையன்கள் குழம்புகிறார்கள். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரிகிற வரிசை, 1-3-4-2. புல்லி மார்க் நேராக வந்தால் மட்டும் போதாது, அந்த மார்க் இரண்டு சுற்றுக்கு இரண்டு தடவை வரும். மார்க்கை நேராக்கிவிட்டு நாலாவது சிலிண்டரைப் பாருங்கள். அங்கே எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்லெட் திறக்கத் தொடங்கியும் இரண்டு ராக்கரும் சீசா மாதிரி ஆடினால், நாலாவது ராக்கிங்கில் இருக்கிறது. அப்படியானால் ஒன்றாவது அமுக்கத்தின் உச்சியில் இருக்கிறது. இப்போது ஒன்றாவதின் இரண்டு வால்வையும், இரண்டாவதின் இன்லெட்டையும், மூன்றாவதின் எக்ஸாஸ்ட்டையும் செட் செய்யலாம். பிறகு கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஒன்றாவது ராக்கிங்குக்கு வரும். அப்போது மீதி நான்கு: இரண்டாவதின் எக்ஸாஸ்ட், மூன்றாவதின் இன்லெட், நாலாவதின் இரண்டும். எது இன்லெட் என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். காற்று வருகிற மானிஃபோல்டின் குழாய் எந்த வால்வுக்கு நேராக வருகிறதோ அது இன்லெட்.

இறுதியாகச் செட் செய்வது சூட்டில்தான். வண்டியை இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு வந்து, தண்ணீர் நன்றாகச் சூடான பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, உடனே கவரைத் திறந்து செய்ய வேண்டும். ஃபுஜைரா வெயிலில் இது கொடுமை, தெரியும். கையுறை போட்டால் தகட்டின் உணர்வு தெரியாது, போடாவிட்டால் விரல் வேகும். நாங்கள் இடது கையில் ஈரத் துணி சுற்றிக்கொண்டு வலது கையை வெறுமனே விடுவோம். முடியவே முடியாது என்றால் குளிரில் 0.15 வைத்து, இரண்டு நாள் கழித்துச் சூட்டில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எஞ்சின் ஓடும்போது இனி யாரும் அந்தத் திருகைத் தொடக்கூடாது.

0.25 தகட்டை வால்வுக்கும் ராக்கர் திருகுக்கும் நடுவே விட்டு, லாக் நட்டைத் தளர்த்தி, திருகைத் திருப்புங்கள். தகட்டை இழுக்கும்போது, பஸ்ஸில் கண்டக்டர் விரலிடுக்கில் வைத்திருக்கும் நோட்டை உருவினால் ஒரு பிடிப்பு இருக்குமே, அவ்வளவு இருக்க வேண்டும். மடங்கிக்கொண்டு போனால் இறுக்கம். வழுக்கி விழுந்தால் லூஸ். 0.25 போக வேண்டும், 0.30 போகக் கூடாது. சந்தேகம் வந்தால் லூஸ் பக்கமே விடுங்கள், குறிப்பாக எக்ஸாஸ்ட்டில்.

அப்புறம், பாதிப் பேர் தவறவிடுகிற இடம். லாக் நட்டை இறுக்கும்போது திருகும் அதோடு சேர்ந்து ஒரு கால் மயிர் திரும்பும். 0.25 வைத்துவிட்டோம் என்று நினைத்துக் கவரை மூடுவோம், உள்ளே 0.18 நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கின பிறகு தகட்டை மறுபடியும் விட்டுப் பாருங்கள். எட்டுக்கும். நான் இன்றைக்கும் எட்டும் முடிந்த பிறகு கிராங்கை இரண்டு சுற்று சுற்றி, எட்டையும் முதலிலிருந்து ஒரு தடவை பார்ப்பேன். பட்டறையில் பையன்கள் சிரிப்பார்கள்.

செட் செய்தும் ஒரு வால்வு மட்டும் தட்டிக்கொண்டே இருக்கும், தகடு மட்டும் 0.25 என்று சொல்லும். அப்படி வந்தால் மறுபடி முறுக்காதீர்கள். 3,40,000 கிலோமீட்டரில் திருகின் நுனியிலோ வால்வுத் தண்டின் தலையிலோ குழி விழுந்திருக்கும். நேரான தகடு அந்தக் குழியின் இரண்டு கரையிலும் பாலம் மாதிரி நிற்கும், குழியின் ஆழம் கணக்கில் வராது. தகடு காட்டுவது 0.25, உண்மையில் இருப்பது 0.35. அந்தத் திருகை மாற்றுவதுதான் வழி, தேய்ந்தது ராக்கரானால் ராக்கரை. சார்ஜா ஸ்க்ராப் மார்க்கெட்டில் இந்த எஞ்சினுக்கு இல்லாத சாமான் கிடையாது. ஹூண்டாய் எச்-100 வேன்களில் வந்த 2.5 டீசலும் இதே குடும்பம்தான். ஆனால் ராக்கரை மட்டும் பழசில் வாங்காதீர்கள். காரணம் பெல்ட் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

இந்த 0.25 கணக்கை எல்லா டீசல் பிக்கப்புக்கும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் கேம்ப்பிலேயே நிற்கக்கூடிய பழைய இசூஸு டி.எஃப்.ஆரில் 4ஜேஏ1 இருந்தால், அதற்கு வார்ப்பிரும்பு ஹெட், கீழே கேம், அதன் அசைவை மேலே ராக்கருக்குக் கொண்டுபோக நீளமான புஷ்ராடு. அங்கே குளிரில் 0.40. பழைய ஹைலக்ஸின் 2எல் எஞ்சினில் பிந்தைய வகைகளில் திருகே கிடையாது, சின்ன வட்டத் தகடுகளை மாற்றித்தான் கேப் வைக்க வேண்டும். குளிரில் இன்லெட் 0.20-லிருந்து 0.30, எக்ஸாஸ்ட் 0.40-லிருந்து 0.50. அமெரிக்க டாட்ஜ் பிக்கப்பில் வரும் 5.9 கம்மின்ஸுக்கு அங்குலக் கணக்கு: இன்லெட் பத்து தௌ, எக்ஸாஸ்ட் இருபது தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எக்ஸாஸ்ட்டுக்கு இரண்டு மடங்கு இடம் விட்டிருக்கிறார்கள் பாருங்கள், காரணம் மேலே சொன்ன அதே சூடுதான். உங்கள் எல்200-க்குப் பிறகு வந்த புது உருவ எல்200-இலும் 4டி56 என்றே எழுதியிருக்கும். பெயர் மட்டும்தான் அது. இரண்டு கேம், பதினாறு வால்வு, எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிற காமன் ரெயில். அதன் அளவே வேறு. ஃபோர்மேன் இரண்டு வண்டிக்கும் ஒரே தகட்டை நீட்டினால் தடுத்துவிடுங்கள். ஹைட்ராலிக் டேப்பட் வைத்த எஞ்சின்களில் ஆயில் அழுத்தமே கேப்பைச் சரிக்கட்டிக்கொள்ளும், அங்கே திருத்த எதுவும் இல்லை.

கேப்பைச் சரிசெய்த மறுநாள் காலை வண்டி ஒரு ஹீட்டரில் எடுத்துவிட்டால் பிழைத்தீர்கள். மூன்று மாதம் இறுக்கத்தில் ஓடியும் வால்வு தப்பித்துவிட்டது என்று அர்த்தம். எடுக்கவில்லை என்றால், அல்லது ஒரு சிலிண்டர் குலுக்கல் அப்படியே இருந்தால், கம்ப்ரஷன் கேஜ் போட்டு நாலையும் பார்க்கச் சொல்லுங்கள். நான்கும் கொஞ்சம் குறைவாக, ஆனால் ஒரே மாதிரி இருந்தால் வயதின் தேய்மானம். ஒன்று மட்டும் படுத்திருந்தால் அந்தச் சிலிண்டரை மூடின நிலையில் வைத்து, ஹீட்டர் பிளக் துளை வழியாக ஏர் லைனைக் கொடுங்கள். கிராங்க் சுற்றிவிடும், கையைத் தள்ளி வைத்துக்கொண்டு கொடுங்கள். பிறகு காதை வையுங்கள். சைலன்சரில் காற்று சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் கிளீனர் பக்கம் சீறினால் இன்லெட், ஆயில் மூடியைத் திறந்தால் சீறுகிறது என்றால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழ் விட்டால் ஹெட் கேஸ்கட் அல்லது ஹெட்டில் வெடிப்பு. இந்த அலுமினிய ஹெட் ஒரு தடவை தண்ணீரில்லாமல் சூடேறினாலே வால்வுக்கு நடுவில் வெடிப்பு விடக்கூடியது. அதனால் கடைசிச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

பம்ப், நாசில் பேச்செல்லாம் இதற்குப் பிறகு. காற்று நிற்காத சிலிண்டருக்கு எவ்வளவு நல்ல நாசில் போட்டாலும் புகைதான் மிச்சம். முக்கியமாக, இழுவைக்காகப் பம்ப்பை லேசாகத் திருப்பி டைமிங்கை, அதாவது டீசல் அடிக்கிற நேரத்தை, முன்னால் தள்ளுகிறேன் என்று யாராவது வந்தால் விடாதீர்கள். ஒரு தப்பை மறைக்க இரண்டாவது தப்பு, பிறகு எது மூலம் என்று கடவுளுக்கே தெரியாது. தட்டல் நாசிலா டேப்பட்டா என்று பார்க்க உங்கள் வண்டியில் ஒரு வழி உண்டு. ஐடிலில் ஒவ்வொரு நாசில் பைப் நட்டாக லேசாகத் தளர்த்தினால், நாசில் தட்டல் அந்தச் சிலிண்டரில் அடங்கும். டேப்பட் தட்டல் அடங்காது. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும் இது. காமன் ரெயில் வண்டியில், எஞ்சின் ஓடும்போது பைப்பில் ஸ்பேனர் வைக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், கையை இழந்தவர்கள் உண்டு.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்றால், உங்கள் ஊர்த் தூசிக்கும் சூட்டுக்கும் நான் 20,000-க்கு ஒருமுறை பார்ப்பேன். அடிக்கடி என்று தோன்றலாம். எஞ்சின் 2,000 சுற்றில் ஓடினால் கேம் 1,000 சுற்று, ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 1,000 தடவை திறந்து மூடும். சராசரி 50 கிலோமீட்டர் வேகத்தில் 20,000 கிலோமீட்டர் என்பது 400 மணி நேரம். கணக்குப் போட்டால் 2 கோடியே 40 லட்சம் தடவை ஒரு இரும்பு இன்னொரு இரும்பில் உட்கார்ந்திருக்கிறது. பார்ப்பது என்றால் முறுக்குவது என்று அர்த்தமில்லை. எட்டும் அளவில் இருந்தால் எழுதிக்கொண்டு மூடிவிடலாம். எழுதுவதில் இன்னொரு லாபம் உண்டு. ராக்கர், திருகு, கேம் தேய்ந்தால் கேப் கூடும். வால்வின் முகமும் சீட்டும் தேய்ந்தால் வால்வு மேலே ஏறிக் கேப் குறையும். ஒவ்வொரு தடவையும் ஒரே வால்வு மட்டும் இறுகிக்கொண்டே வந்தால் அது சீட்டுக்குள் புதைந்துகொண்டிருக்கிறது, ஹெட் வேலைக்குப் பணம் சேர்க்கச் சொல்லிச் செய்தி அனுப்புகிறது. நோட்டில்லாமல் அந்தச் செய்தி உங்களுக்குக் கிடைக்காது.

இனி, கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பெல்ட். தம்பி, டேப்பட்டைவிட எனக்கு அதுதான் பயம். 4டி56-க்கு இரண்டு பெல்ட். பெரியது கேமையும் பம்ப்பையும் சுற்றுவது. அதற்குப் பின்னால் சின்னதாக ஒன்று, அதிர்வைக் குறைக்கிற பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கு. வெளியில் தெரியாததால் பெரியதை மட்டும் மாற்றிவிட்டுச் சின்னதை அப்படியே விடுகிற கராஜ்கள் ஏராளம். அந்தச் சின்னது அறுந்தால் சும்மா விழாது. பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி அதையும் தாவ வைக்கும், அல்லது அறுக்கும். பெல்ட் போனால் பிஸ்டன் வந்து திறந்திருக்கும் வால்வை இடிக்கும். அப்போது இந்த எஞ்சினில் பெரும்பாலும் ராக்கர்தான் இரண்டாக உடைந்து வால்வைக் காப்பாற்றுகிறது. சில நேரம் ராக்கர் செட் மட்டும் போட்டு வண்டி எழுந்துவிடும், அதிர்ஷ்டமில்லாத நேரம் வால்வும் வளையும். பழைய ராக்கர் வாங்காதீர்கள் என்றேனே, அது இதனால்தான். அப்படி ஒரு அடி வாங்கி, உடையாமல் மயிர்க்கோடு விழுந்த ராக்கர் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

மாற்றிய தேதி தெரியாத பெல்ட், கெடு தாண்டிய பெல்ட். பொதுவாக 1,00,000 கிலோமீட்டர் என்று கணக்கு, வளைகுடா சூட்டில் நான் 80,000-ஐத் தாண்ட விட்டதில்லை. இரண்டு பெல்ட், அவற்றை இறுக்கிப் பிடிக்கிற இரண்டு டென்ஷனர், கூடவே கேம் சீல், கிராங்க் சீல் எல்லாம் ஒரே தடவையில். சீலில் ஆயில் கசிந்து பெல்ட்டில் பட்டால் புது பெல்ட்டும் ஊறிப்போய்விடும். டேப்பட் கவர் கேஸ்கட் கசிந்தாலும் அதே கதிதான், அதனால் கவரை மூடும்போது பழைய கேஸ்கட்டைச் சிலிகான் பூசி ஒப்பேற்றாதீர்கள். வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் டேப்பட், பிறகு கம்ப்ரஷன். ஹெட் இறங்க வேண்டியிருந்தால் பெல்ட் அதோடு சேர்ந்து முடியும், கூலி மிச்சம். ஹெட் நன்றாக இருந்தால் அடுத்த வாரமே பெல்ட். அதுவரை மசாஃபி ஏற்றத்தில் எஞ்சினை அலற விடாதீர்கள்.

வண்டி உங்களுடையது இல்லை, ஃபோர்மேன் சொல்வதுதான் சட்டம் என்பதும் எனக்குத் தெரியும். நானும் அந்தக் கேம்ப்பில் படுத்தவன்தான். "நீங்கள் முறுக்கினது தப்பு" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள், வேலை நடக்காது. "பம்ப்பை இறக்குவதற்கு முன்னால் குளிரில் ஒரு தடவை கேப் பார்த்துவிடலாமா சார், காசில்லாத வேலைதானே" என்று கேளுங்கள். வெள்ளைப் புகை, ஸ்டார்ட்டிங் பிரச்சினை, பெல்ட் தேதி தெரியாதது இந்த மூன்றையும் தினசரி ஷீட்டில் தேதியோடு எழுதிக் கொடுத்து, அதை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எஞ்சின் போனால் சம்பளத்தில் பிடிப்பது டிரைவரைத்தான்.

குளிரில் எடுத்த எட்டு அளவையும் எனக்கு அனுப்புங்கள். இரண்டாவது, மூன்றாவது எக்ஸாஸ்ட்டில் தகடு நுழைந்ததா என்று தனியாகக் குறிப்பிடுங்கள்.